அதிகம் தண்ணீர் கேட்காத பூக்கள்... தேனீக்களை உங்க வீட்டுக்கு அழைத்துவரும் 7 நாட்டுச் செடிகள்!

மாடித்தோட்டத்தில் பூசணிக்கொடி நன்றாகப் படர்ந்திருக்கும். பூவும் நிறைய வரும். ஆனா, பிஞ்சு மட்டும் மஞ்சளாகி, வதங்கி, உதிர்ந்துவிடும். உரம் போதலையோ, தண்ணீர் போதலையோ என்று யோசித்து, கடைசியில் யூடியூப் பார்த்து, ஆண் பூவைப் பறித்து பெண் பூவில் நாமே தடவி மகரந்தச் சேர்க்கை செய்துகொண்டிருப்போம். ஒரு தேனீ சில நொடிகளில் இலவசமாகச் செய்துவிட்டுப் போகிற வேலை அது!

பல வீடுகளில் செடி இருக்கு, பூ இருக்கு... தேனீதான் இல்லை. காரணம் சிம்பிள். பூசணி பூக்கும் அந்தச் சில வாரங்களுக்காக மட்டும் தேனீ உங்க தெருவில் குடியிருக்காது. வருடம் முழுக்க அதற்குச் சாப்பாடு வேண்டும். அந்தச் சாப்பாட்டை இதுவரை கொடுத்துக்கொண்டிருந்தவை காலி மனைகளிலும், ரோட்டோரத்திலும், வேலியிலும் தானாக முளைத்த தும்பையும் ஆவாரையும்தான். காலி மனைகள் அபார்ட்மென்ட் ஆகிவிட்டன. மிச்சம் இருக்கும் இடத்தையும் 'புதர் மண்டிப்போச்சு' என்று களைக்கொல்லி அடித்துச் சுத்தம் செய்துவிடுகிறோம்.

அந்தச் செடிகளில் நாலைந்தை விதையிலிருந்து நீங்களே வளர்க்கலாம். செலவு குறைவு, தண்ணீரும் குறைவு. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது ஞாபகம் இருக்கா? அப்படி ஒரு கோடை மறுபடி வந்தாலும் தாக்குப்பிடிக்கக்கூடிய தோட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்தால், பதில் நம்ம ஊர் தரிசு நிலத்திலேயே இருக்கு.

'வைல்ட்ஃப்ளவர் மிக்ஸ்' பாக்கெட் வாங்கலாமா?

ஆன்லைனில் தேடினால் வண்ண வண்ணப் படங்களோடு விதை பாக்கெட்டுகள் வரும். வாங்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். காஸ்மோஸ், ஜின்னியா, செண்டுமல்லி எல்லாமே மெக்சிகோ பக்கத்துச் செடிகள். நித்யகல்யாணிக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர். இவற்றை வளர்ப்பது தப்பில்லை. பட்டாம்பூச்சிகள் இவற்றிலும் தேன் குடிக்கும். ஆனால், தேன் குடிப்பது வேறு, குஞ்சு வளர்ப்பது வேறு. ஒவ்வொரு பட்டாம்பூச்சியின் புழுவும் குறிப்பிட்ட சில செடிகளின் இலைகளை மட்டுமே தின்னும். பல ஆயிரம் ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த உறவு அது. அந்த இலை இல்லாத தெருவுக்குப் பட்டாம்பூச்சி விருந்தாளியாக வருமே தவிர, குடும்பம் நடத்தாது.

இன்னொரு எச்சரிக்கை. உண்ணிச்செடி பூவில் பட்டாம்பூச்சி மொய்க்கிறது என்பதற்காக அதை நட்டுவிடாதீர்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுச்செடியாக வந்து, நம் காடுகளை ஆக்கிரமித்துவிட்ட செடி அது. அதேபோல முதுமலை, வயநாடு பகுதிகளில் காட்டையே மூடிக்கொண்டிருக்கும் மஞ்சக்கொன்றை மரத்தையும் நம்ம ஆவாரையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் மஞ்சள் பூதான்; ஆனா மஞ்சக்கொன்றை மரம், ஆவாரை புதர்ச்செடி.

வறட்சியை எப்படித் தாங்குகின்றன?

இது தெரிந்தால், எந்தச் செடிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடும். மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, ஆழமான வேர். ஆவாரையும் கொழிஞ்சியும் ஆணிவேரைக் கீழே இறக்கி, மேல்மண் காய்ந்த பிறகும் ஈரத்தைத் தேடி எடுத்துக்கொள்ளும்.

இரண்டு, தண்ணீரை வெளியே விடாத உடம்பு. எருக்கின் தடித்த இலையில் மாவு பூசியதுபோல ஒரு மெழுகுப் படலம் இருக்கும். வெயில் அந்த இலையிலிருந்து ஈரத்தை அவ்வளவு எளிதாக உறிஞ்ச முடியாது.

மூன்று, தப்பித்தல். தும்பை வெயிலோடு சண்டையே போடாது. மழையில் முளைத்து, பூத்து, காய்த்து, விதையை மண்ணில் போட்டுவிட்டுச் செத்துப்போகும். கோடை முழுக்க அது விதையாகத் தூங்கும். அதனால் மார்ச், ஏப்ரலில் உங்க தும்பை காய்ந்தால் 'செத்துப்போச்சே' என்று வருத்தப்பட வேண்டாம். அது அதன் கணக்குப்படி சரியாகத்தான் நடந்துகொள்கிறது.

யார் யாரை வளர்க்கலாம்?

1. துளசி: முதல்முறை விதைப்பவர்கள் இங்கே தொடங்குங்கள். காய்ந்த கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் கடுகைவிடச் சிறிய விதைகள் கிடைக்கும். மண்ணின் மேலே தூவி, லேசாக அழுத்திவிட்டால் போதும். செடி புதராக வர வேண்டும் என்று பூக்கதிரை எல்லாம் கிள்ளிவிடுவது நம் வழக்கம். பாதியையாவது விட்டுவையுங்கள். தேனீக்களுக்குத் துளசிப் பூ ரொம்பப் பிடிக்கும்.

2. தும்பை: சிவன் கோயில் அர்ச்சனையில் பார்த்திருப்பீர்கள். சங்க காலத்தில் வீரர்கள் போருக்குச் சூடிய பூவும் இதுதான். தும்பைத் திணை என்ற பெயரே அதிலிருந்து வந்தது. சின்ன வெள்ளைப் பூவில் தேன் உண்டு. தேனீக்களும் சிறிய பட்டாம்பூச்சிகளும் தேடி வரும். பூ உதிர்ந்து பழுப்பாகக் காய்ந்த உருண்டைகளைக் காகிதத்தின் மேல் கவிழ்த்துத் தட்டினால் விதை கொட்டும்.

3. ஆவாரை: கொங்குப் பக்கத்தில் பொங்கலுக்கு முன் காப்புக்கட்ட பூளைப்பூ, வேப்பிலையோடு சேர்க்கும் அதே ஆவாரம்பூ. இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. ஆவாரம்பூவில் தேனே கிடையாது! மகரந்தம் மட்டும்தான். அதுவும் நுனியில் சிறு துளை உள்ள பைக்குள் பூட்டிவைக்கப்பட்டிருக்கும். தச்சுத் தேனீ, நீலப்பட்டைத் தேனீ போன்றவை பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை 'விர்ர்ர்' என்று அதிரவைக்கும். அந்த அதிர்வில் உப்பு டப்பாவைக் குலுக்கியதுபோல மகரந்தம் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. உங்க மாடியில் உள்ள தக்காளிப் பூவும் கத்திரிப் பூவும் இதே மாதிரி பூட்டுப் போட்டவைதான். ஆவாரைக்காக வரும் தேனீ, கத்திரிக்கும் சாவி வைத்திருக்கிறது. எமிகிரன்ட் வகை வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும் செடியும் இதுதான்.

4. கிலுகிலுப்பை: காய்ந்த காயை ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம் வரும். காய் பழுக்கும் முன்பே பறித்துவிடாமல், சத்தம் வந்த பிறகு எடுத்தால் விதை முதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். பூவைத் திறக்கக் கொஞ்சம் பலம் வேண்டும் என்பதால் பெரிய தேனீக்கள்தான் இதற்கு ரெகுலர் கஸ்டமர்கள். புளூ டைகர் போன்ற பட்டாம்பூச்சிகளின் ஆண்கள் இதன் காய்ந்த தண்டிலும் காயிலும் கூட்டமாக மொய்ப்பதைப் பார்க்கலாம். இந்தச் செடியில் உள்ள ஒருவித நஞ்சை உறிஞ்சி, துணையை ஈர்க்கும் வாசனையைத் தயாரிக்கின்றன. நமக்கும் கால்நடைகளுக்கும் இந்த விதை விஷம். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

5. கொழிஞ்சி: விவசாயிகள் பசுந்தாள் உரத்துக்காக விதைக்கும் செடி. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா மூலம் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சின்னப் பூக்கள். ஆடுமாடுகள் பெரும்பாலும் இதைத் தொடாது என்பதால், மேய்ச்சல் உள்ள கிராமத்து வேலியோரத்துக்குப் பொருத்தமானது. பசுந்தாள் உர விதை விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

6. செம்முள்ளி: கனகாம்பரம் மாதிரி பூ, ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம், இலைக்கக்கத்தில் முள். பேன்ஸி வகைப் பட்டாம்பூச்சிகள் சிலவற்றின் புழுக்களுக்கு இந்தச் செடிக் குடும்பம்தான் உணவு. காய் முற்றினால் வெடித்து விதையைத் தூக்கி எறியும். அதனால் காய் பழுப்பாக மாறத் தொடங்கும்போதே சின்னத் துணிப்பையைக் கட்டிவிடுங்கள்.

7. எருக்கு: தொட்டியைவிட நிலத்துக்கு ஏற்ற செடி. தச்சுத் தேனீக்களுக்கு வருடத்தின் பெரும்பகுதி பூ தரும். பிளெய்ன் டைகர் பட்டாம்பூச்சி இதில் முட்டையிடும். மஞ்சள், கறுப்பு, வெள்ளை வளையங்களும் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகளும் கொண்ட புழுவைப் பார்த்தால் பயந்துபோய் நசுக்கிவிடாதீர்கள். காயை வெடிக்கும் முன் நூலால் சுற்றிக் கட்டினால் பஞ்சோடு விதை பறக்காது. பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

விதை எங்கே கிடைக்கும்?

தெருவில்தான்! தை முதல் பங்குனி வரை பெரும்பாலான காய்கள் காய்ந்திருக்கும். முதலில் பூ, இலை, காய் மூன்றையும் போட்டோ எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் போட்டு, செடி எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஊரில் உள்ள பாட்டியிடம் காட்டினால் இன்னும் சீக்கிரம் பதில் வரும்.

ஒரு செடியில் உள்ள காய்களில் கொஞ்சத்தை மட்டும் எடுங்கள். ஒரே செடியில் எல்லாவற்றையும் பறிப்பதைவிட, ஐந்தாறு செடிகளிலிருந்து இரண்டு மூன்று காய்கள் எடுப்பது நல்லது. விதைகளில் பலவகைக் குணங்கள் கலந்திருக்கும். தனியார் மனை என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். காப்புக்காட்டுக்குள் போய்ப் பறிக்கவே பறிக்காதீர்கள்.

விதைகளை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காகித உறையில் போட்டு, செடியின் பெயர், இடம், தேதி எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரத்தோடு போட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

விதை முளைக்கலையா? பூட்டைத் திறங்க!

நிறைய பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஆவாரை விதையை வாங்கி, வெண்டை மாதிரி நட்டுவிட்டு, ஒரு மாதம் தண்ணீர் ஊற்றிவிட்டு, 'விதை சரியில்லை' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். விதை நன்றாகத்தான் இருக்கும். அதன் தோல்தான் தண்ணீரை உள்ளே விடவில்லை.

இது செடியின் முன்ஜாக்கிரதை. கோடையில் திடீரென்று ஒரு மழை பெய்யும். அதை நம்பி எல்லா விதையும் முளைத்தால், அடுத்த வார வெயிலில் மொத்தமும் காலி. அதனால் சில விதைகள் இந்த வருடம், சில அடுத்த வருடம் என்று பிரித்துப் பிரித்து முளைக்கும்படி தோல் கெட்டியாக இருக்கிறது. காட்டுக்கு இது நல்லது. தொட்டி வைத்துக் காத்திருக்கும் நமக்குத்தான் பொறுமை போதாது!

ஆவாரை, கிலுகிலுப்பை, கொழிஞ்சி மூன்றுக்கும் இரண்டு வழிகள் உண்டு.

உப்புத்தாள் முறை: இரண்டு உப்புத்தாள்களுக்கு நடுவே விதைகளை வைத்து, மேல்தோலின் பளபளப்பு மங்கும்வரை லேசாகத் தேயுங்கள். உள்ளே வெள்ளைப் பருப்பு தெரியும் அளவுக்குப் போகக் கூடாது. பிறகு இரவு முழுக்க சாதாரணத் தண்ணீரில் ஊறவையுங்கள்.

சுடுதண்ணீர் முறை: தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, சில நிமிடங்கள் ஆறவிட்டு, விதையின் மேல் ஊற்றுங்கள். அப்படியே இரவு முழுக்க விடுங்கள். அடுப்பில் வைத்து விதையோடு கொதிக்கவைத்தால் அது சுண்டல்தான், நாற்று வராது.

காலையில் பருத்திருக்கும் விதைகளை உடனே விதைத்துவிடுங்கள். பருக்காதவற்றுக்கு மறுபடி ஒருமுறை அதே சிகிச்சை. துளசி, தும்பை, எருக்கு, செம்முள்ளிக்கு இதெல்லாம் தேவையில்லை.

விதைப்பது எப்படி?

மண் கலவை: 2 பங்கு செம்மண், 1 பங்கு மணல், 1 பங்கு மட்கிய தொழுவுரம். இதற்கு மேல் உரம் வேண்டாம். தரிசில் வளர்ந்து பழகிய செடிக்கு அதிகம் சத்து கொடுத்தால் இலை கொழுக்கும், பூ குறையும்.

ஆழம்: விதை எவ்வளவு பருமனோ, அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். தூசி மாதிரி சிறிய விதைகளைக் காய்ந்த மணலோடு கலந்து மேலே தூவி, உள்ளங்கையால் அழுத்துங்கள். மூட வேண்டாம்.

தண்ணீர்: முளைக்கும்வரை மேல்மண் காயக் கூடாது. பூவாளியிலோ ஸ்பிரேயரிலோ மெதுவாகத் தெளியுங்கள். குழாயை நேரடியாகப் பிடித்தால் விதை எல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும்.

இடம் மாற்றுவது: ஆவாரை, கொழிஞ்சி, கிலுகிலுப்பைக்கு ஆணிவேர் சீக்கிரம் நீளும். குழித்தட்டில் நாலைந்து இலை வந்ததுமே, மண் உதிராமல் எடுத்து மாற்றிவிடுங்கள். முடிந்தால் நேரடியாகப் பெரிய தொட்டியிலேயே விதைப்பது இன்னும் நல்லது. ஆவாரைக்கு ஒன்றரை அடி ஆழமாவது வேண்டும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 'வறட்சி தாங்கும்' என்றால் தண்ணீரே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. வேர் இறங்கும்வரை, அதாவது முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு, எல்லாச் செடிக்கும் தண்ணீர் வேண்டும். நிலத்தில் நட்ட செடி ஒரு பருவமழையைக் குடித்துவிட்டால் அதற்குப்பிறகு பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்ளும். தொட்டியில் வேர் போக இடமில்லை. மாடித் தொட்டி வெயிலில் சீக்கிரம் காயும். எனவே, கோடையில் மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். காய்ந்த இலைகளால் மூடாக்கு போட்டால் ஈரம் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும்.

எப்போது விதைக்கலாம்?

வடகிழக்குப் பருவமழை நம்பி இருக்கும் மாவட்டங்களில், ஆடி, ஆவணியில் குழித்தட்டில் நாற்று விடலாம். புரட்டாசிக் கடைசியில் நிலத்தில் நட்டால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானமே தண்ணீர் ஊற்றிவிடும். தும்பையை நாற்று விடாமல், முதல் மழைக்கு முன் நேரடியாகத் தூவுங்கள். தென்மேற்குப் பருவமழை பெறும் மேற்குத் தொடர்ச்சி மலையோர ஊர்களில் இதையே ஆனி மாதம் தொடங்கலாம். துளசி, தும்பை சில மாதங்களில் பூக்கும். ஆவாரை பெரும்பாலும் இரண்டாவது வருடம்தான். முதல் வருடம் பூக்கலையே என்று பிடுங்கிப் போட்டுடாதீங்க!

பூ மட்டும் போதாது பாஸ்!

ஒரே வகையை மூன்று நான்கு செடிகளாகச் சேர்த்து வையுங்கள். தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் தேடிப்போகும். ஏழு வகையில் ஒவ்வொன்று வைப்பதைவிட, மூன்று வகையில் மூன்று மூன்று வைத்தால் கூட்டம் அதிகம் வரும்.

நீலப்பட்டைத் தேனீ மண்ணைத் துளைத்துத்தான் கூடு கட்டும். தோட்டம் முழுக்க டைல்ஸ் பதிக்காமல், ஓர் ஓரத்தில் வெயில் படும் வெற்று மண் கொஞ்சம் விடுங்கள். மாடி என்றால், களிமண் நிரப்பிய பழைய தொட்டி ஒன்றைப் படுக்கவைக்கலாம். தச்சுத் தேனீ காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் தங்கும். ஒரு பக்கம் கணு மூடிய மூங்கில் துண்டுகளைக் கட்டி, மழை படாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

ரோஜா இலையில் யாரோ வட்டமாகக் கத்தரித்ததுபோல இருந்தால், அது இலைவெட்டித் தேனீயின் வேலை. கூட்டுக்குள் மெத்தை போட எடுத்துப்போயிருக்கிறது. செடிக்கு ஒன்றும் ஆகாது. மருந்து அடிக்க ஓடாதீர்கள். எருக்கில் மஞ்சள் அசுவினி வந்தாலும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும். புழு தின்ற ஓட்டை இலைகள் இருந்தால், உங்க தோட்டத்தில் பட்டாம்பூச்சி குடும்பம் நடத்துகிறது என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்கும் கேள்விகள்

'தேனீ கொட்டாதா?' பூவில் உட்கார்ந்திருக்கும் தேனீக்கு உங்களைவிடப் பூதான் முக்கியம். கூட்டைத் தொந்தரவு செய்தாலோ, கையில் நசுங்கினாலோதான் பெரும்பாலும் கொட்டும். தேனீ கொட்டினால் கடுமையான அலர்ஜி வருபவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும், ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள்.

'கொசு வராதா?' கொசு பூவில் முட்டையிடாது, தேங்கிய தண்ணீரில்தான் இடும். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டைக் காலி செய்யுங்கள். தேனீக்குத் தண்ணீர் வைப்பதாக இருந்தால், கூழாங்கல் போட்ட ஆழமில்லாத தட்டில் வைத்து தினமும் மாற்றுங்கள்.

'பாம்பு வந்துடுமே?' பாம்பு வருவது பெரும்பாலும் எலிக்காக. குப்பையும் செங்கல் குவியலும் இல்லாமல், பாதையை ஒட்டி ஓர் அடியை வெட்டிச் சுத்தமாக வைத்திருந்தால் பார்ப்பவர்களுக்கும் 'இது புதர் இல்லை, தோட்டம்' என்று புரியும். செடியின் பெயரை எழுதி ஒரு சின்ன போர்டு வைத்துப் பாருங்கள். 'களை' என்று பிடுங்க வருபவர்கள்கூட நின்று படிப்பார்கள்.

இடமே இல்லையா?

வாடகை வீடு, பால்கனியில் ஒரு தொட்டிதான் வைக்க முடியும் என்றால், துளசி ஒன்றே போதும். கதிரைக் கிள்ளாமல் விடுங்கள். அதுகூட முடியாது என்றால், உங்க தெருவில் இருக்கும் காலி மனையைக் கவனியுங்கள். மனை உரிமையாளரோ, குடியிருப்போர் சங்கமோ சுத்தம் செய்யப்போகிறார்கள் எனத் தெரிந்தால் இரண்டே கோரிக்கைகளை வையுங்கள். களைக்கொல்லி வேண்டாம், வெட்டினால் போதும். அதையும் தும்பை விதை கொட்டிய பிறகு, மாசி வாக்கில் செய்யட்டும். அவர்களுக்கு இதனால் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. அடுத்த மழைக்குத் தும்பை தானாக வரும். அதைத் தேடித் தேனீயும் வரும். போகிற வழியில் உங்க மாடிப் பூசணியையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகும்.